வெறும் வண்டி எடை

பிப்ரவரி 4

தம்பிக்கு,

அக்கா எழுதறது. நீ நலமா, நான் நலம்னு ஆரம்பிக்கணுமாம், மாமா பக்கத்துல நின்னு சொல்றார். நான் நலமா இல்ல. அத முதல்லயே எழுதிடறேன், மத்தது அப்புறம்.

போன் இருக்கறப்ப ஏன் உக்காந்து எழுதறன்னு கேப்ப. போன்ல நான் ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ள நீ கட் பண்ணிடற. கடுதாசிய கட் பண்ண முடியாது பாரு. கிழிக்கலாம். கிழிச்சாலும் துண்டு துண்டா எடுத்து வச்சுப் படிப்ப, உன்ன எனக்குத் தெரியாதா. நான் பள்ளிக்கூடம் போகாதவ, தலையணை உறையில ஊர்க்காரங்க பேரத் தைச்சுத் தைச்சே எழுத்துக் கத்துக்கிட்டவ. எழுதறது மெதுவாத்தான் வரும். நீயும் மெதுவாப் படி.

நீ போய் ஒரு மாசம் ஆச்சு. மாமாவோட சொந்தக்காரங்க அத்தன பேரும் உக்காந்திருக்க, தட்டத் தள்ளிவிட்டு, "உன் கையால தின்னு தின்னே நான் ஒருநாள் செத்துடுவேன்"னு சொன்ன. வேன் வரவழைச்சு ஏறிட்ட. திரும்பிக்கூடப் பாக்கல. சரி, உன் கழுத்து அவ்வளவு திரும்பாதுன்னு வச்சுக்கறேன்.

நான் போட்டது சோறுடா. வெஷமில்ல. நீ போதும்னு சொன்னியாம், நான் கேக்கலயாம். போதும்னு யாருதான் சொல்லல? சாப்பிடறவங்க போதும்பாங்க, போடறவங்க இன்னும் ஒரு கரண்டி வைப்பாங்க. போதும்னு சொன்னதுமே நிறுத்திட்டா, என்ன இந்தம்மா இப்படிக் கஞ்சத்தனம் பண்ணுதுன்னு பேச மாட்டாங்களா?

அத விடு. போன வாரம் எங்க மெத்தைக் கடைக்கு ஒருத்தர் மெத்தையத் தூக்கிட்டு வந்துட்டாரு. ஒரு பக்கமா அமுங்குதாம், பஞ்சு மட்டமாம். எங்க முதலாளி தடவிப் பாத்துட்டு, "எந்தப் பக்கம் நீங்க படுக்கறீங்க?"ன்னாரு. "நல்லா இருக்கற பக்கம்"னாரு அவரு. பின்னாலயே அவரு சம்சாரம் நின்னுட்டிருந்தது. அப்புறம் மெத்தையப் பத்தி யாரும் பேசல, அவரு வீட்டுக்குப் போறதுக்கே பயந்துட்டு எங்க கடையிலயே பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தாரு. இத எதுக்குச் சொல்ல வந்தேன்? ஆங், சிரிச்சப்ப உன் ஞாபகம் வந்துச்சு. நீ இருந்தா நீயும் ஏதாவது சொல்லியிருப்ப.

அங்க கதவெல்லாம் உன் சக்கர நாற்காலி வண்டி நுழையற மாதிரி இருக்கா? கட்டில் உயரமா? யாராவது கை குடுக்கறாங்களா? என்ன சாப்பிடறன்னு நான் கேக்கல. கேக்க மாட்டேன்.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

அறை வசதியாக இருக்கிறது. எடை மேடை அலுவலகத்துக்குப் பின்னாலேயே அறை. வேலைக்குப் போகச் சாலையைக் கூடக் கடக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க லாரிகள் வருகின்றன. சரக்கோடு ஒரு முறை நிறுத்தி எடை, சரக்கை இறக்கியபின் வெறும் வண்டியாக ஒரு முறை எடை. அதிலிருந்து இதைக் கழித்தால் சரக்கு. சரக்கோடு எடை போடும்போது கிளீனரைக் கேபினுக்குள் படுக்க வைத்துவிட்டு, வெறும் வண்டி எடை போடும்போது இறக்கிவிடுகிற திருட்டு டிரைவர்கள் உண்டு. கேபின் கதவைத் திறந்து காட்டாமல் நான் சீட்டுக் கொடுப்பதில்லை. அதனால் இங்கே எனக்குப் பெயர் 'கதவத்தொற'.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன். சொல்லிவிடுகிறேன். போன வாரம் கட்டிலிலிருந்து வண்டிக்கு மாறும்போது விழுந்துவிட்டேன். கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, நகர்ந்து உட்காருவது நான் சின்ன வயதிலிருந்து யோசிக்காமல் செய்கிற காரியம். அன்றைக்கு இடது தோளில் ஏதோ பழைய துணி கிழிகிற மாதிரி கிழிந்தது. தரையில் கிடந்தேன். ஹாரன் என்று ஒரு டிரைவர், சத்தமாகப் பேசுவதால் அந்தப் பெயர், காலையில் சீட்டு வாங்க வந்தவர் ஜன்னலில் ஆளைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்தார். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அதில் ஒருவன், "சார், லோடு கொஞ்சம் ஓவர்" என்றான். சிரித்தேன். சிரித்தால் தோள் வலித்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா எடை மெஷினைக் காட்டி, "ஏறி நில்லுங்க" என்றது.

"நிக்க முடிஞ்சா நான் ஏம்மா உக்காந்துக்கிட்டே வரேன்?"

அது என்னை மேலும் கீழும் பார்த்தது. "சரி, எண்பதுன்னு போட்டுக்கறேன்" என்றது. அக்கா, எனக்கு மீசை முளைத்ததிலிருந்து எல்லா ஆஸ்பத்திரிச் சீட்டிலும் எண்பதுதான். யாருமே என்னை எடை போட்டதில்லை. பார்ப்பதோடு சரி. வந்தவர்கள் எல்லாம் என் காலைத்தான் பார்த்தார்கள். காலில் பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அனுப்பிவிட்டார்கள். சுகர் இருப்பதே இப்போதுதான் தெரிந்தது.

எலும்பு டாக்டர் நல்ல மனிதர், வளைத்துப் பேசத் தெரியாதவர். "தோள்ல நார் கிழிஞ்சிருக்கு. தைச்சாத்தான் சேரும். ஆனா இந்தக் கனத்தோட மயக்க மருந்து குடுக்க நான் துணிய மாட்டேன். குடுத்துத் தைச்சாலும் நீங்க ஒரு தடவை கையை ஊன்றினா பிரிஞ்சிடும். தொண்ணூத்தஞ்சு கிலோவுக்குக் கீழ வாங்க, சுகரை இறக்குங்க, அப்புறம் பேசலாம்" என்றார். "தள்ளிப் போடாதீங்க. ஒரு தோள் போனா இன்னொண்ணு அதோட வேலையையும் சேர்த்துச் செஞ்சு அதுவும் போகும்."

இரண்டும் போனால் என்ன ஆகும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. காலையில் ஒருவர் தூக்கி வைக்க வேண்டும், மாலையில் ஒருவர் இறக்கி வைக்க வேண்டும். வேலை போகும், அறை போகும். உன் வீட்டு முன்னறையில் ஒரு மூட்டையாக வந்து கிடப்பேன். நீ நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாய். அதுதான் எனக்குப் பயம்.

தொண்ணூற்றைந்துக்குக் கீழே வர, இப்போது எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? லாரி மேடையில் என்னை நிறுத்தினால் அதன் கண்ணுக்கு நான் சரியாகத் தெரிய மாட்டேன், அது இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கடை இருக்கிறது. அங்கே தரையோடு தரையாக ஒரு தராசு. கடைக்காரர் நெளிந்த சைக்கிள்களை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார். வண்டியோடு ஏறினேன். நூற்று இருபத்து நாலு. என்னை ஒரு பெஞ்சில் இறக்கிவிட்டு வெறும் வண்டியைப் போட்டார்கள். பதினெட்டு.

நூற்றி ஆறு, அக்கா. எண்பது இல்லை. நூற்றி ஆறு.

எனக்கு என்னவோ குதிக்கிற மாதிரி இருந்தது. முதல் தடவையாக என் கணக்கு என் கையில் வந்திருக்கிறது.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

உன் கடுதாசி ஆஸ்பத்திரி நோட்டீஸ் மாதிரி இருக்கு. விழுந்தேன், தூக்கினார்கள், என்றார், என்றது. எங்கிட்டயாடா இந்த என்றார் என்றது? நீ மூக்கு ஒழுகிட்டு என் இடுப்புல உக்காந்திருந்தவன்.

மாமா படிச்சுக் காட்டினாரு, அப்புறம் நானே எழுத்துக்கூட்டி இன்னொருவாட்டி படிச்சேன். தரையில கிடந்தேன்ற இடத்துல நின்னுட்டேன். அதுக்கு மேல போக ரொம்ப நேரம் ஆச்சு.

கோவம் வந்துச்சு. மூட்டையா வந்து கிடப்பேன், நீ நல்லாப் பாத்துப்ப, அதான் பயம்னு எழுதியிருக்கியே, அதுக்குத்தான். கோவத்துலயே பாத்திரமெல்லாம் தேச்சேன். தேய்க்கறப்ப ஒண்ணு நெனப்பு வந்துச்சு. நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப உன்னக் குழாயடியில உக்கார வச்சுட்டுத் தண்ணி புடிப்பேன். வர்றவங்க எல்லாரும் உன் கையில ஏதாவது வைப்பாங்க. பிஸ்கட்டு, மிட்டாயி, வெல்லக்கட்டி. ஓடற புள்ளைக்கு ஒரு பிஸ்கட்டுன்னா உனக்கு ரெண்டு. ஏன் ரெண்டு? ஐயோ பாவம்னு. ஓடற புள்ள அந்த ஒண்ணையும் ஓடியே தீத்துடும். உக்காந்திருக்க புள்ளைக்கு ரெண்டு. இத்தன வருஷத்துல இது யாருக்கும் தோணலயே. எனக்கும் தோணல. நூத்தி ஆறுன்னா அதுல எத்தன பேரோட ஐயோ பாவம் இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். ஊரே உன்மேல ஏறி உக்காந்திருக்குடா.

நான் போட்டதும் அதுல இருக்கும். ஆனா நான் ஒண்ணும் பாவம்னு போடல. உனக்குப் பிடிக்கும்னு போட்டேன். ரெண்டும் தராசுல ஒண்ணாத்தான் நிக்கும் போல.

சரி இப்ப சண்ட போட நேரமில்ல. தொண்ணூத்தஞ்சுக்குப் பதினொண்ணுதான கழிக்கணும்? நாங்க தைக்கற ரெட்டை மெத்தையில பாதிகூட இல்ல. நான் என்ன செய்யணும் சொல்லு. சோறு அனுப்பக் கூடாதுன்னா வேற எத அனுப்பறதுன்னு எனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சது ரெண்டுதான், ஒண்ணு சமையல், இன்னொண்ணு தையல்.

அக்கா

மாமா கேக்கறாரு, அந்த இரும்புக் கடைக்காரரு உன்ன எடை போட்டுட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரான்னு.


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நூற்றி மூன்று. மாமாவிடம் சொல், கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஆனால் மூன்று கிலோ குறைத்துத்தான் கொடுத்தார்.

உன் கடிதத்தை ஹாரன் வாங்கிப் படித்துவிட்டார். "ஊரே உன்மேல ஏறி உக்காந்திருக்கு" என்ற வரியைச் சத்தமாகப் படித்தார். அவர் எதைப் படித்தாலும் சத்தம்தான். இப்போது யாராவது எனக்கு ஒரு பலகாரத்தை நீட்டினால் அவர் தூரத்திலிருந்தே கத்துகிறார்: "ஏறாதீங்க, வண்டி ஃபுல்லு."

இங்கே எடை போடுவது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது அக்கா. நான் இரும்புக் கடைக்குள் உருண்டு வந்தாலே வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். கடைக்காரர் எனக்கும் சீட்டு அடித்துக் கொடுக்கிறார். அந்த மெஷின் சரக்கின் பெயரைத் தானாகவே அடித்துவிடும், மாற்ற முடியாது. அதனால் என் சீட்டில், 'சரக்கு: பழைய இரும்பு' என்று வருகிறது.

என்ன சாப்பிடுகிறேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். காலையில் அவித்த பயறும் முட்டையும். மதியம் தட்டில் பாதி காய். டீக்குச் சர்க்கரை இல்லை. முதல் வாரம் டீயைப் பார்த்தாலே அழுகை வந்தது. பசி வந்தால் பசி என்று தெரிகிறது, அதுவே புதுசு. இவ்வளவு நாளும் பசிக்கிறதுக்கு முன்னாலேயே யாராவது கொடுத்துவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோ அம்மா இருக்கிறது. ரொம்பக் கறார். "கால் வேலை செய்யலேன்னா கையும் முதுகும் என்ன லீவுலயா இருக்கு?" என்று கேட்டது. இத்தனை வருஷத்தில் என்னை யாரும் உடற்பயிற்சி செய்யச் சொன்னதில்லை. நல்ல கையை, வலது கையை, இப்போதிருந்தே பலப்படுத்த வேண்டுமாம். தைத்தபிறகு இடது கைக்குப் பதிலாக அதுதான் நிற்க வேண்டும். அதற்கு மணல் பை வேண்டும். உனக்குத் தெரிந்தது தையல் என்றாயே. நாலு பை தைத்து அனுப்பு. ஒவ்வொன்றும் அரைக் கிலோ. பிடிக்கிற மாதிரி வார் வைத்துத் தை.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

பார்சல் வருது, புடிச்சுக்க. நாலு பை. மெத்தைக்குப் போடற கோடு போட்ட முரட்டுத் துணி, லேசுல கிழியாது. ரெட்டைத் தையல் போட்டிருக்கேன், வார் உன் விரலுக்கு அளவா இருக்கும், உன் விரல் எனக்குத் தெரியும்.

மணலுக்கு நான் பட்ட பாடு ஒரு தனிக்கதை. எதுத்த வீட்ல கட்டட வேல நடக்குது. அங்க போய் மேஸ்திரிகிட்ட கொஞ்சம் மணல் குடுங்கன்னேன். எதுக்குன்னாரு. என் தம்பி எடை குறைக்கறதுக்குன்னேன். அவரு என்ன ஒரு மாதிரியாப் பாத்தாரு. மணல் தின்னா குறையுமான்னு கேக்கறாரு. அப்புறம் அவருக்கு முதல்லயிருந்து சொன்னேன், நீ பொறந்ததுலயிருந்து. சித்தாளுங்க எல்லாம் சுத்தி உக்காந்துட்டாங்க, கலவை இறுகிப் போச்சு, மேஸ்திரி தலையில கைய வச்சுக்கிட்டாரு. ஆனா ரெண்டு சட்டி மணல் குடுத்தாரு, நல்லா சலிச்சது. அத அலசிக் காய வச்சு, வறுத்து ஆற வச்சு நிரப்பியிருக்கேன். பூச்சி வராது.

உங்கூட சேந்து நானும் டீக்குச் சர்க்கரைய நிறுத்திட்டேன். மாமாவுக்கும் நிறுத்திட்டேன். அவரு தினமும் வேலைக்குக் கெளம்பறப்ப உம்பேரச் சொல்லி ஒரு பெருமூச்சு விட்டுட்டுப் போறாரு.

நூத்தி மூணுன்னு படிச்சதும் கடையில எல்லார்கிட்டயும் சொன்னேன். முதலாளி கேக்கறாரு, "உன் தம்பி என்னம்மா பரீட்சை எழுதறானா?"ன்னு. ஆமான்னேன்.

அக்கா


மே 30

அக்கா,

நூற்றி ஏழு.

தப்பாக எழுதவில்லை. கோடை மழை கொட்டி, இரும்புக் கடையில் தண்ணீர் நின்று ஆறு வாரம் தராசு கெட்டுக் கிடந்தது. சரி செய்து இன்றைக்குத்தான் போட்டார்கள். மூன்று தடவை ஏறி இறங்கினேன். மூன்று தடவையும் நூற்றி இருபத்தைந்து. வண்டி பதினெட்டு போனால் நூற்றி ஏழு. ஆரம்பித்த இடத்துக்கு மேலே ஒன்று.

ஒரு நாள் கூட நான் ஏமாற்றவில்லை. ஒரு மிட்டாய் இல்லை. உன் மணல் பைகள் என்னை விட்டுப் பிரிவதே இல்லை, லாரி வராத நேரமெல்லாம் கையில்தான். அந்த அரைக் கிலோவைத் தூக்கவே எனக்கு மூச்சு வாங்குகிறது. கை நடுங்குகிறது. அரைக் கிலோ, அக்கா. அவ்வளவுதான் என் பலம். வண்டியைத் தள்ளுவதும் இப்போது முன்னைவிடக் கனமாக இருக்கிறது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஹாரன் கூட மெதுவாகப் பேசினார்: "விடுங்க தலைவரே, தராசு லூசு." பக்கத்தில் இருந்த ஒரு எடைக்கல்லை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். தராசு சரியாகத்தான் காட்டியது.

ஜூன் இருபதாம் தேதி டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். நான் போகப் போவதில்லை. இந்த உடம்புக்குள் என் பேச்சைக் கேட்க எதுவும் இல்லை. முன்னறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொல் மாமாவிடம்.

பதில் எழுதாதே.

தம்பி


ஜூன் 5

தம்பிக்கு,

எழுதாதன்னு சொன்னா எழுதாம இருக்க நான் என்ன உன் லாரி டிரைவரா?

கட்டில ஜன்னல் பக்கம் போடச் சொன்ன. மாமா எந்திரிச்சு நகத்த ஆரம்பிச்சாரு. நான் ஒரு முனையப் புடிச்சேன். கட்டில் நகரல. என்னடா இதுன்னு குனிஞ்சு பாத்தா, அடியில பழைய பஞ்சு மூட்டைய நானே தள்ளி வச்சிருக்கேன், மறந்துட்டேன். "கீழ என்ன இருக்குன்னு பாக்காம மேல இருக்கறதத் திட்டறோமே"ன்னாரு மாமா. அப்படியே உக்காந்துட்டேன். மாமா பயந்து தண்ணி கொண்டு வந்தாரு. ஒண்ணுமில்ல, ஒரு யோசனைன்னேன். யோசனைக்கு இப்படியான்னாரு.

இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. பைகள் உன்ன விட்டுப் பிரியறதே இல்லன்னு எழுதியிருக்கியே. கையில இல்லாத நேரத்துல அத எங்க வைக்கற? மடியில வச்சா நழுவும், மேசையில வச்சா உனக்கு எட்டாது. உன் வண்டியில உக்கார்ற பலகைக்குக் கீழ ஒரு வலைப்பை தொங்குமே, நான் தைச்சுக் குடுத்தது, அதுலயா?

இன்னொண்ணும் இருக்கு. திட்டாத. நீ அரைக் கிலோன்ன. நான் அளக்கல. அரைக் கிலோ மணலக் கையில எடுத்துப் பாத்தா ஒண்ணுமே இல்ல தெரியுமா, பாவமா இருந்துச்சு. பை வேற பாதி காலியா தொளதொளன்னு தொங்குச்சு. இவ்ளோதானா என் தம்பிக்குன்னு இன்னும் ஒரு கை போட்டேன். அப்புறம் இன்னும் ஒரு கை. வாய் வரைக்கும் நிரப்பித்தான் தைச்சேன். எனக்கு நிரப்பாம தைக்க வராதுடா. தலையணை தைக்கறவ நான்.

அதனால இப்பவே, இந்தக் கடுதாசியக் கீழ வச்சுட்டு, போய் அந்த வெறும் வண்டிய எடை போடு. ஊர் லாரி எல்லாத்தையும் கதவத் தொறக்கச் சொல்றியே, உன் வண்டிக் கதவ நீ தொறந்து பாத்தியா?

அக்கா


ஜூன் 8

அக்கா,

நீ கேட்டது சரிதான். சரிதான். சரிதான்.

கடுதாசி மதியம் வந்துச்சு. ரெண்டு லாரி வெளிய நிக்குது, ஹாரன் வேற சீட்டு கேட்டு ஜன்னலத் தட்டறாரு. நான் பாதி படிச்சதுமே கெளம்பிட்டேன். "என்ன தலைவரே, வீட்ல ஏதாவதா?"ன்னு பின்னாலயே ஓடி வராரு. "இல்ல, வண்டியில திருட்டுச் சரக்கு"ன்னேன்.

என்னப் பெஞ்சுல இறக்கிட்டு வண்டிய அப்படியே தராசுல ஏத்தினாங்க. பதினெட்டு வரணும்ல? இருபத்தாறு. எல்லாரும் குனிஞ்சு பாக்கறாங்க. கடைக்காரரு கைய விட்டு வலைப்பையிலிருந்து ஒண்ணொண்ணா எடுத்து வைக்கறாரு, கோடு போட்ட பை, நாலு. ஒரு பையத் தனியாப் போட்டோம். ரெண்டு கிலோ. அரைக் கிலோ இல்ல அக்கா, ரெண்டு கிலோ. நாலும் ரெண்டு ரெண்டு கிலோ.

நூத்தி இருபத்தஞ்சுல இருபத்தாறு போனா?

தொண்ணூத்தி ஒம்பது. நான் தொண்ணூத்தி ஒம்பது.

ஹாரன் போட்ட சத்தத்துல ரோட்டுல போன ஒரு வண்டி நின்னுடுச்சு, யாரையோ இடிச்சுட்டோமோன்னு. அப்புறம் ஆரம்பிச்சாங்க பாரு கிண்டல். இத்தன மாசம் அவங்க கேபின்ல நான் கிளீனரத் தேடினதுக்கெல்லாம் சேத்து வச்சு வாங்கிட்டாங்க. இப்ப எவன் வந்தாலும் ஜன்னல்ல தலைய நீட்டி, "சார், நீங்க முதல்ல கதவத் தொறங்க"ன்றான். சிரிச்சுட்டே இருக்கேன். தோள் வலிக்குது, வலிக்கட்டும்.

பிசியோ அம்மாகிட்ட பையத் தூக்கிட்டுப் போனேன். கையில வாங்கினதும் கை கீழ போச்சு. "இதையா தினமும் தூக்கினீங்க? யார் இப்படி நிரப்பினது?"ன்னு கேட்டுச்சு. எங்க அக்கான்னேன். முதல்ல திட்டுச்சு, நல்லவேளை இடது கைக்குக் குடுக்கலன்னு. எனக்கும் ஒரு திட்டு, உனக்கும் ஒரு திட்டு. அப்புறம் என் வலது கையப் புடிச்சு அமுக்கிப் பாத்துட்டு, "அரைக் கிலோன்னு நெனச்சா தூக்கினீங்க?"ன்னு இன்னொரு தடவ கேட்டுச்சு. கேட்டுட்டு ஒரு மாதிரி சிரிச்சுது. கறார் பார்ட்டி, அது சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

நான் பலமில்லாதவன்னு நெனச்சுட்டிருந்தேன் அக்கா. நாலு மடங்கு தூக்கிட்டிருந்திருக்கேன்.

கட்டில இருந்த இடத்துலயே போடச் சொல்லு மாமாவ. டாக்டர்கிட்ட போறேன்.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

இப்பத்தான்டா நீ மனுஷன் மாதிரி எழுதியிருக்க. ஒரு என்றார் இல்ல, ஒரு என்றது இல்ல.

தொண்ணூத்தி ஒம்பதுன்னு மாமா படிச்சாரு. நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துட்டா. அவகிட்ட முதல்லயிருந்து சொல்லணுமே, சொன்னேன். மேஸ்திரிகிட்டயும் போய்ச் சொன்னேன். உங்க மணல்தான்னேன். அவரு இறங்கி வந்து எங்கையப் புடிச்சுக்கிட்டாரு, கையெல்லாம் சிமெண்டு. இப்ப அந்தக் கட்டடத்துல வேல செய்யற அத்தன பேருக்கும் உன் எடை தெரியும். தினமும் நான் கடைக்குப் போறப்ப மேல இருந்து, "அக்கா, எவ்ளோ?"ன்னு கேக்கறாங்க.

ரெண்டு கிலோ பையில ஒண்ண இங்க திருப்பி அனுப்பு. எனக்கு வேணும். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

அந்தப் பிசியோ அம்மா என்னத் திட்டினதுல தப்பில்ல. நான் வந்து பாத்தா ஒரு தலையணை குடுக்கணும் அதுக்கு.

இன்னும் நாலுதான். மெதுவாப் போ. கெறங்கி விழாத. பசிச்சா சாப்பிடு. பாரு, இந்தக் கையாலயே பசிச்சா சாப்பிடுன்னு மட்டும் எழுதறேன்.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா,

தொண்ணூத்தி நாலு.

இந்தத் தடவ வலைப்பை, குடை, தண்ணி பாட்டில், பூட்டு, சங்கிலி எல்லாத்தையும் இறக்கிட்டேன். ஹாரன் என் சட்டைப்பையில கைய விட்டு மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்துட்டாரு. மொத்தம் நூத்திப் பன்னெண்டு. வெறும் வண்டி, மறுபடி போட்டுப் பாத்தோம், பதினெட்டு.

ஜூன்ல போனப்ப, தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ வந்ததும் வாங்கன்னு அனுப்பிட்டாரு டாக்டர். இப்ப சீட்ட எடுத்துக்கிட்டு அவருகிட்ட போனேன். மேசையில வச்சேன். கண்ணாடியப் போட்டுப் படிக்கறாரு. "சரக்கு: பழைய இரும்பு." நிமிந்து என்னப் பாக்கறாரு. மறுபடியும் சீட்டப் பாக்கறாரு. முழுக் கதையையும் சொன்னேன், மணல் பையிலிருந்து. வளைச்சுப் பேசத் தெரியாத மனுஷன் கண்ணத் துடைச்சுத் துடைச்சுச் சிரிக்கறாரு. வெளிய உக்காந்திருக்கறவங்க எல்லாம் எட்டிப் பாக்கறாங்க. அப்புறம் சொன்னாரு, "சக்கர நாற்காலியோட ஏத்தற தராசு ஒண்ணு வேணும்னு நான் எழுதிக் கேக்கறேன். அது வர்ற வரைக்கும் உங்க இரும்புக் கடைக்கே ஆள அனுப்பறேன்." சுகரும் இறங்கியிருக்கு. தேதி குடுத்துட்டாரு. ஆகஸ்ட் இருபத்தொண்ணு.

இனி எழுதறது எழுதக் கஷ்டமா இருக்கு. பேனாவ வச்சுட்டு ரெண்டு லாரிக்குச் சீட்டுப் போட்டுட்டு வந்தேன்.

தைச்சதுக்கப்புறம் இடது கையக் கட்டிடுவாங்க. வலது கைதான் என்னத் தூக்கணும், அதனால முதல் மூணு வாரத்துக்கு அதையும் எந்தச் சின்ன வேலைக்கும் அலுக்க விடக் கூடாதாம். சோத்துத் தட்டக் கூட நான் தொடக் கூடாதுன்னு பிசியோ அம்மா கறாராச் சொல்லிடுச்சு. ஆஸ்பத்திரியில கேட்டாங்க, "ஊட்டி விட யாராவது இருக்காங்களா?"ன்னு.

உன் கையால தின்னு தின்னே செத்துடுவேன்னு சொன்னவன் நான்.

ஹாரன் நான் ஊட்டறேன்றாரு. அவரு ஊட்டினா ஊருக்கே கேக்கும்.

நீ வரியா?

தம்பி


ஆகஸ்ட் 7

தம்பிக்கு,

டிக்கெட் எடுத்தாச்சு. பதினெட்டாம் தேதி வந்துடுவேன். முதலாளிகிட்ட லீவு கேட்டேன், "பரீட்சை ரிசல்ட்டா?"ன்னாரு. ஆமான்னேன், பாஸுன்னேன். மேஸ்திரி வழியனுப்ப வரேன்றாரு. மாமா ஒரு மாசம் தனியாச் சமைச்சுக்கறாராம், சந்தோஷமாத்தான் சொன்னாரு, ஏன்னு எனக்குத் தெரியும், சர்க்கரை டப்பாவ எடுத்துட்டு வந்துடறேன்.

ரெண்டு கிலோ பை ஒண்ணு திருப்பிக் கேட்டேனே, ஏன்னு சொல்றேன். அத அடுப்புக்கிட்ட ஆணியில மாட்டி வச்சிருக்கேன். யாருக்குச் சோறு போட்டாலும் அத ஒருவாட்டி பாத்துட்டுத்தான் கரண்டிய எடுக்கறேன். இன்னும் ஒரு கைன்னு நான் போட்டது எவ்வளவுன்னு அது சொல்லும். ஆனாலும் இத்தன வருஷப் பழக்கம், கை தன்னால போகும். அதுக்கு ஒரு வழி பண்ணிக்குவோம்.

நீ அசையக் கூடாது. தலைய ஆட்டக் கூடாது. தட்டத் தள்ள உனக்குக் கை இருக்காது. அதனால பயப்படாத. நீ வாயத் தொறந்து ஒரே ஒரு வார்த்த சொல்லு. போதும்னு சொல்லு. மெதுவாச் சொன்னாலும் எனக்குக் கேக்கும்.

அந்த எடத்துலயே கரண்டியக் கீழ வச்சுடறேன்.

அக்கா